தாங்கி நிரம்பியும் லைட் எரியவில்லை: எல்ஈடி சுற்றில் பிழை பிடிக்கும் முறை

கிணற்றடியில் மோட்டர், தூண் கட்டி அதன்மேல் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி, விறாந்தை மூலையில் சோலாரில் ஏறும் 12 வோல்ட் பற்றரி. கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவு வரை வன்னியின் பல வளவுகளில் இன்று இதுதான் அமைப்பு. தாங்கி நிரம்பியதைக் கீழே இருந்தே பார்க்க ஒரு சின்ன எல்ஈடி வைத்தால், தண்ணீர் வழிந்தோடியபிறகு ஓடிப்போய் மோட்டரை நிறுத்தும் வேலை இல்லாமற்போகும். பாடசாலைப் பிள்ளைகளும் இதைத்தான் முதலில் செய்து பார்க்கிறார்கள். செய்வது சுலபம். எரியாவிட்டால்தான் சிக்கல்: எல்ஈடியை மாற்றுவார்கள், டிரான்சிஸ்டரை மாற்றுவார்கள், பிறகு யாழ்ப்பாணம் போகிற ஆளிடம் இன்னொரு செட் வாங்கி வரச் சொல்லுவார்கள். வோல்ட்டும் ஓமும் அளக்கும் ஒரு மீற்றர் இருந்தால் அதில் பெரும்பாலானது தேவையில்லை.

முதலில், எந்தச் சுற்றைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். இதில் ரெசிஸ்டர் என்பது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தடை. டிரான்சிஸ்டர் மூன்று கால் உள்ள மின் சுவிட்ச்: பேஸ் என்ற காலுக்குள் போகும் சிறு ஓட்டம், கலெக்டரிலிருந்து எமிட்டருக்குப் பெரிய ஓட்டத்தைத் திறந்துவிடும். தாங்கியின் அடியில் ஒரு கம்பி. அது பற்றரியின் பிளஸுக்குப் போகிறது. மேலே, நிரம்பும் மட்டத்தில் இன்னொரு கம்பி. அது 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக பிசி 547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு வருகிறது. பேஸுக்கும் மைனஸுக்கும் இடையில் 47 கிலோ ஓம். எமிட்டர் நேரே மைனஸுக்கு. பிளஸிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், பிறகு சிவப்பு எல்ஈடி, பிறகு கலெக்டர். தண்ணீர் இரண்டு கம்பிகளையும் தொட்டதும் அதன் வழியாகச் சிறு ஓட்டம் பேஸுக்குள் போகும், டிரான்சிஸ்டர் திறக்கும், எல்ஈடி எரியும். அவ்வளவுதான்.

1 கிலோ ஓம் எங்கிருந்து வந்தது

இந்த ஒரு கணக்கு தெரிந்தால் கீழே வரும் பாதி அறிகுறிகள் தானாகவே விளங்கும். சிவப்பு எல்ஈடி எரியும்போது அதன் இரு கால்களுக்கிடையில் ஏறத்தாழ 2 வோல்ட் நிற்கும். மீதி முழுவதையும் ரெசிஸ்டர்தான் தாங்க வேண்டும். 12-இலிருந்து 2-ஐக் கழித்தால் 10 வோல்ட். 1000 ஓமால் வகுத்தால் 10 மில்லி அம்பியர். சாதாரண 5 மில்லிமீற்றர் எல்ஈடி தொடர்ந்து தாங்குவது 20 மில்லி அம்பியர். ஆகவே தாராளம்.

ஆனால் 12 வோல்ட் பற்றரி 12 வோல்ட்டில் நிற்பதில்லை. வெயில் ஏறி நல்லாய்ச் சார்ஜ் ஆகும்போது 14.4 வரை போகும். 470 ஓம் போட்டிருந்தால் அந்த நேரம் 26 மில்லி அம்பியர் ஓடும், ரெசிஸ்டரில் 0.33 வாட் சூடு. 0.25 வாட் மட்டும் தாங்கும் கால் வாட் ரெசிஸ்டர் அது. தொட்டால் விரல் சுடும். 1 கிலோ ஓம் போட்டால் அதே 14.4-இல் 12 மில்லி அம்பியரும் 0.15 வாட்டும்தான். ஆகவே கணக்குப் போடும்போது பெட்டியில் எழுதியிருக்கிற எண்ணைப் போடாதீர்கள். அந்தப் பற்றரி போகக்கூடிய உச்சத்தைப் போடுங்கள். இப்போது வரும் பிரகாசமான எல்ஈடிகளுக்கு 2.2 கிலோ ஓமே போதும். இரவில் விறாந்தையில் படுத்திருப்பவர் கண்ணைக் குத்தாமலும் இருக்கும்.

எதையும் கழற்றுமுன் மூன்று அளவு

மீற்றரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்பு முனையைப் பற்றரியின் மைனஸில் வைத்துவிட்டு, சிவப்பு முனையால் மூன்று இடங்களைத் தொடுங்கள்.

பிளஸ் வயர்: சுற்றுப் பலகையில் அளக்க வேண்டும், பற்றரியில் இல்லை. பற்றரியில் 12.6 காட்டி, பலகையில் 0 காட்டினால் பியூஸ், சுவிட்ச், வயர் இணைப்பு ஆகியவற்றில் ஒன்று. இங்கேயே முடிந்துபோகிற பிழைகள் நிறைய.

பேஸ்: தண்ணீர் தொடாதபோது 0-க்குக் கிட்ட. தொட்டபோது 0.6 முதல் 0.7 வரை. தண்ணீர் தொட்டும் 0 என்றால் ஓட்டம் வந்து சேரவில்லை. 2, 4 வோல்ட் என்று ஏறி நின்றால், எமிட்டர் மைனஸைத் தொடவில்லை, அல்லது டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் சந்தி உடைந்துவிட்டது. நல்ல டிரான்சிஸ்டர் ஒன்று தன் பேஸை 0.7-க்கு மேலே அதிகம் ஏறவிடாது.

கலெக்டர்: எல்ஈடி அணைந்திருக்கும்போது 10 வோல்ட்டுக்கு மேல், நன்றாக எரியும்போது 0.2-க்குக் கீழே. நடுவில் 4, 5 என்று நின்றால் டிரான்சிஸ்டர் அரைகுறையாகத் திறந்திருக்கிறது.

இந்த மூன்று எண்களையும் ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டு கீழே படியுங்கள்.

அறிகுறி: எரியவே இல்லை

ஒரு சின்ன வயர்த்துண்டால் கலெக்டரையும் எமிட்டரையும் ஒரு கணம் தொடுத்துப் பாருங்கள். 1 கிலோ ஓம் தொடரில் இருப்பதால் பயமில்லை. எல்ஈடி எரியவில்லையா? அப்படியானால் டிரான்சிஸ்டரை விட்டுவிடுங்கள். பிழை எல்ஈடியிலும் அதன் ரெசிஸ்டரிலும்தான். அநேகமாக எல்ஈடி மாறிப் போடப்பட்டிருக்கும். நீண்ட கால் பிளஸ் பக்கம். கால்களை வெட்டிவிட்டீர்களானால், அடியில் விளிம்பு தட்டையாக இருக்கும் பக்கம் மைனஸ்.

எல்ஈடி எரிந்தால் அடுத்த படி. தனியாக ஒரு 10 கிலோ ஓமை எடுத்து, ஒரு முனையைப் பிளஸிலும் மறுமுனையைப் பேஸிலும் வையுங்கள். ரெசிஸ்டர் இல்லாமல் நேரே பிளஸைப் பேஸில் வைக்காதீர்கள். டிரான்சிஸ்டர் அந்த இடத்திலேயே போய்விடும். இப்போது எரிந்தால் பலகை முழுவதும் நல்லது, பிழை தாங்கியில் அல்லது தாங்கிக்குப் போகும் வயரில். எரியாவிட்டால் டிரான்சிஸ்டர், அல்லது அதன் கால்கள்.

கால்கள் என்கிற விசயத்தில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், பிசி 547-க்கு இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். அதே கறுப்பு உடம்போடு வரும் 2என் 3904-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். பழைய ரேடியோ, டிவி பலகைகளில் கழற்றும் சி 945, சி 1815 என்பவற்றுக்கு எமிட்டர், கலெக்டர், பேஸ்: நடுக்கால் பேஸே இல்லை. வன்னியில் கழற்றிய பார்ட்ஸ் டப்பா இல்லாத திருத்தும் கடை குறைவு. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பற்றரி கிடைக்காமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்களின் ஊர் இது. எதையும் எறிய மனம் வராது. அந்த டப்பாவிலிருந்து எடுப்பதில் தப்பில்லை, இலக்கத்தை மட்டும் வாசித்துவிடுங்கள். எழுத்து மங்கியிருந்தால் மூச்சை ஊதி ஈரமாக்கி, ரோர்ச்சைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்தால் தெரியும்.

அதுவும் தெரியாவிட்டால் மீற்றரை டயோட் குறியில் வையுங்கள். சிவப்பு முனையை எந்தக் காலில் வைத்தால் மற்ற இரண்டு கால்களுக்கும் 0.6, 0.7 என்று வருகிறதோ அதுதான் பேஸ், டிரான்சிஸ்டர் என்பிஎன் வகை. மீதி இரண்டில் எமிட்டர் பக்கம் வழக்கமாக ஒரு மயிரிழை அதிகமாகக் காட்டும்.

அறிகுறி: எரிகிறது, ஆனால் மங்கல்

கலெக்டர் அளவைப் பாருங்கள். 0.1, 0.2 என்று இருந்தால் டிரான்சிஸ்டர் தன் வேலையைச் செய்துவிட்டது. எல்ஈடியின் ரெசிஸ்டர்தான் பெரிசு. மண்ணிறம், கறுப்பு, சிவப்பு என்றால் 1 கிலோ ஓம். மண்ணிறம், கறுப்பு, செம்மஞ்சள் என்றால் 10 கிலோ ஓம். குப்பி விளக்கு மாதிரியான வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுதான். நீல உடம்போடு ஐந்து வளையத்தில் வருபவற்றில் 1 கிலோ ஓம் என்பது மண்ணிறம், கறுப்பு, கறுப்பு, மண்ணிறம். கடைசி வளையம் துல்லியத்துக்கு. எந்தப் பக்கத்திலிருந்து வாசிப்பது என்று தெரியாமல் முழிப்பதைவிட மீற்றரால் அளப்பது சுகம். சுற்றிலிருந்து ஒரு காலையாவது விடுவித்துவிட்டு அளவுங்கள்.

கலெக்டர் 4, 5, 8 என்று நடுவில் நின்றால் பேஸுக்கு ஓட்டம் பத்தவில்லை. இதுதான் எங்கள் பக்கத்தில் கொஞ்சம் சுவாரசியமான பிழை. ஏனென்றால் காரணம் பலகையில் இல்லை, தண்ணீரில்.

முள்ளியவளைப் பக்கம் ஓர் அண்ணை பகலில் கூப்பிட்டார். "தம்பி, எல்ஈடி பழுது போல, வேற ஒண்டு போட்டுத் தாங்கோ." கிணற்றுத் தண்ணீர்த் தாங்கியில் நன்றாக வேலை செய்த பலகையை, கூரைத் தண்ணீர் சேரும் தாங்கிக்கு மாற்றியிருந்தார். எல்ஈடி எரிகிறதா இல்லையா என்று கையால் மறைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. தாங்கிக்குள் ஒரு பிடி உப்பைப் போடாமல், ஒரு வாளியில் கிணற்றுத் தண்ணீர் எடுத்து அதே இரண்டு கம்பிகளை அமிழ்த்தினோம். பளிச்சென்று எரிந்தது. அண்ணை வாளியையும் பார்த்தார், கூரையையும் பார்த்தார்.

வன்னிக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. கல்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்திருப்பதால் மின்னை நன்றாகக் கடத்தும். மழைத்தண்ணீரிலும், ஆர்ஓ வடிகட்டித் தண்ணீரிலும் அந்த உப்புகள் மிகக் குறைவு. உதாரணமாகக் கம்பிகளுக்கிடையில் 50 கிலோ ஓம் என்று வைத்தால், பேஸ் பக்கம் வருவது கிட்டத்தட்ட 190 மைக்ரோ அம்பியர். அதில் 14 மைக்ரோ 47 கிலோ ஓம் வழியாகக் கீழே போய்விடும். மீதியை டிரான்சிஸ்டர் 200 மடங்கு பெருக்கினால் தேவையான 10 மில்லி அம்பியரைத் தாண்டிவிடும். அதே இடைவெளி 500 கிலோ ஓமானால் வருவதே 22 மைக்ரோ, 14-ஐக் கழித்தால் 8, பெருக்கினால் 1.6 மில்லி அம்பியர். மங்கல்தானே.

கம்பிகளைக் கிட்டக் கொண்டுவந்து, தண்ணீரில் படும் பரப்பைக் கூட்டினால் ஓரளவு சரிவரும். போதாவிட்டால் இரண்டாவது பிசி 547 ஒன்று சேர்த்து டார்லிங்டன் ஆக்குங்கள்: முதலாவதின் எமிட்டர் இரண்டாவதின் பேஸுக்கு, இரண்டு கலெக்டர்களும் ஒன்றாக. அப்படிச் செய்யும்போது 47 கிலோ ஓமை எடுத்துவிட்டு 220 கிலோ ஓம் போட வேண்டும். டார்லிங்டன் திறக்க 1.3 வோல்ட் வேண்டும். பழைய 47 கிலோ ஓம் அந்த 1.3 வோல்ட்டுக்கு 28 மைக்ரோவை இழுத்துக்கொள்ளும், வருகிற 22-உம் அதற்கே காணாது. மேலும், டார்லிங்டன் முழுதாகத் திறந்தாலும் கலெக்டரில் 0.7, 0.8 நிற்கும். அது பிழை இல்லை.

பிசி 547-இன் பின்னால் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து இருக்கும். ஏ வகையின் பெருக்கம் 110 முதல் 220, பி 200 முதல் 450, சி 420 முதல் 800. தண்ணீர்ச் சுற்றுக்குக் கிடைத்தால் சி வாங்குங்கள். ஆர்டுயினோ போன்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு பலகையின் 5 வோல்ட் காலிலிருந்து இயக்குவதானால் எந்த எழுத்தானாலும் பரவாயில்லை: 4.7 கிலோ ஓம் போட்டால் பேஸுக்கு 0.9 மில்லி அம்பியர் போகும். கலெக்டர் ஓட்டத்தில் பத்தில் ஒன்றுக்குக் கிட்ட. சுவிட்சாகப் பாவிக்கும்போது பெருக்கத்தை நம்பாமல் இப்படிப் பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று என்று கொடுப்பதே வழக்கம்.

மங்கலுக்கு இன்னொரு காரணம், எல்ஈடியை எமிட்டர் பக்கம் போட்டுவிடுவது. பேஸை 5 வோல்ட்டால் இயக்கினால் எமிட்டர் 4.3-க்கு மேல் ஏறாது. பற்றரி 12 ஆனாலும் எல்ஈடிக்கும் ரெசிஸ்டருக்கும் கிடைப்பது அந்த 4.3 மட்டுமே.

அறிகுறி: தாங்கி வற்றியும் அணையவில்லை

மேல்கம்பியிலிருந்து வரும் வயரைப் பலகையில் கழற்றுங்கள். அணைந்தால் ஓட்டம் வெளியிலிருந்து கசிகிறது: கம்பிகள் பிடித்திருக்கும் பிளாஸ்டிக்கில் ஈரப்படலம், பாசி, வயர் மூட்டுக்குள் மழைத்தண்ணீர். கார்த்திகை, மார்கழியில் மட்டும் இந்த முறைப்பாடு வருமானால் சந்தேகமே வேண்டாம். கம்பிகளைத் தனித்தனிக் குழாயில் இறக்குங்கள். அதோடு 47 கிலோ ஓமுக்குப் பதில் 10 கிலோ ஓம் போட்டால், 65 மைக்ரோவுக்குக் குறைந்த எந்தக் கசிவும் பேஸைத் திறக்காது. கிணற்றுத் தண்ணீரானால் அதன் 190 மைக்ரோ இதைத் தாண்டி வந்துவிடும். சிலர் இந்த ரெசிஸ்டரைப் போடுவதே இல்லை. பேஸ் அந்தரத்தில் தொங்கினால் எல்ஈடி தன்பாட்டில் மினுங்கத்தான் செய்யும்.

வயரைக் கழற்றியும் எரிகிறதா? கலெக்டர் 0-க்குக் கிட்ட இருந்தால் டிரான்சிஸ்டர் உள்ளே ஒட்டிப்போய்விட்டது, மாற்றுங்கள். மங்கலாக, எப்போதும் ஒரே மாதிரி எரிந்தால் கலெக்டரும் எமிட்டரும் இடம்மாறியிருக்கின்றன. பேஸ்-எமிட்டர் சந்தி தலைகீழாகத் தாங்குவது 6, 7 வோல்ட் அளவுதான். மாறிப் போட்டால் 12 வோல்ட் அதை உடைத்துக்கொண்டு ஓடும். 5 வோல்ட்டில் இந்த அறிகுறி வராது. ஆகவே மேசையில் 5 வோல்ட்டில் சோதித்து "சரி" என்று முடித்த பலகை, பற்றரியில் போட்டதும் குழப்பும்.

பெட்டியைத் திறக்கும்போது எறும்பையும் பல்லி முட்டையையும் பாருங்கள்.

அறிகுறி: தலைகீழ் வேலை

வெறும் தாங்கிக்கு எரிகிறது, நிரம்பினால் மங்குகிறது அல்லது அணைகிறது. பிசி 557 போட்டுவிட்டீர்கள். அது பிஎன்பி, என்பிஎன்னுக்கு நேர்மாறான வகை. உடம்பும் கால் வரிசையும் 547 போலவே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

அறிகுறி: இரண்டு எல்ஈடி, ஒன்றுதான் எரிகிறது

சிவப்பையும் வெள்ளையையும் பக்கம் பக்கமாக ஒரே ரெசிஸ்டரில் கட்டியிருப்பீர்கள். வெள்ளைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் வேண்டும். சிவப்பு 2-இலேயே எல்லாவற்றையும் குடித்துவிடும். ஆளுக்கொரு ரெசிஸ்டர்.

அறிகுறி: சில நாள் எரிந்து செத்துப்போகிறது

முதலில் வோல்டேஜ். எல்ஈடி பற்றரியில் இருக்கிறதா, சோலார் தட்டில் நேரே இருக்கிறதா? 12 வோல்ட் என்று விற்கும் தட்டு வெயிலில் சுமையில்லாமல் 21 வோல்ட் வரை காட்டும். 470 ஓமோடு நேரே கொடுத்தால் 40 மில்லி அம்பியர். பற்றரிக்குப் பிறகு எடுங்கள், ரெசிஸ்டரையும் 1 கிலோ ஓமுக்குக் குறையாமல் வையுங்கள்.

எல்ஈடி நல்லது, டிரான்சிஸ்டர்தான் போகிறது என்றால் இரண்டு கேள்வி. மோட்டரை நிறுத்த ரிலே (சுருளில் மின் ஓடினால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றைப் பிறகு சேர்த்தீர்களா? ரிலேச் சுருள் விடுபடும்போது பெரிய வோல்டேஜ் திருப்பி உதைக்கும். பிசி 547 தாங்குவது 45 வோல்ட் மட்டும். சுருளுக்குக் குறுக்கே ஒரு 1என் 4007 டயோட், வெள்ளைக்கோடு பிளஸ் பக்கம். சுருள் 100 மில்லி அம்பியருக்குக் கிட்ட இழுத்தால் பிசி 337 போடுங்கள். கால் வரிசை அதேதான், 800 மில்லி அம்பியர் தாங்கும்.

இரண்டாவது, மின்னல். ஐப்பசி இடி முழங்கும் நாட்களில், தாங்கிக்குப் போகும் நீள வயர் வானத்தைப் பார்த்து நிற்கும் அன்ரனா. நேரே விழுந்தால் எதுவும் மிஞ்சாது. தூரத்தில் விழும் இடிக்கு, 10 கிலோ ஓமைத் தாங்கியடியில் அல்லாமல் பலகையில் பேஸுக்கு அருகே வைத்திருப்பது உதவும். மழை இருட்டும்போது வயரைக் கழற்றிவிடுவது அதைவிட உதவும். அதற்கு ஒரு பிளக் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: மோட்டர் ஓடும்போது துடிக்கிறது

தாங்கி வயர் மோட்டரின் 230 வோல்ட் வயரோடு ஒரே குழாயில் போகிறது. பிரியுங்கள். முடியாவிட்டால் பேஸுக்கும் மைனஸுக்கும் இடையில் 10 மைக்ரோ ஃபரட் கப்பாசிட்டர், பிளஸ் கால் பேஸ் பக்கம்.

அறிகுறி: மாதக்கணக்கில் நல்லது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மங்கல்

கம்பிகளைத் தூக்கிப் பாருங்கள். டிசி ஓட்டம் தண்ணீரில் ஓடினால் பிளஸ் கம்பி கரையும். செம்பு என்றால் பச்சை பிடித்து மெலிந்திருக்கும். மற்றக் கம்பியில் வெள்ளையாகக் கல் படிந்திருக்கும். தேசிக்காய்ப் புளியில் ஊறப்போட்டுத் தேய்த்தால் வெள்ளை போய்விடும். செம்புக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகு ஆணி போடுங்கள். குடிக்கிற தண்ணீர்த் தாங்கியில் செம்பைக் கரையவிடுவது எனக்கு விருப்பமில்லை.

இதற்கு என் கணக்கில் நல்ல வழி, பிளஸ் வயரில் ஓர் அழுத்து பொத்தான். அழுத்தினால் மட்டும் சுற்றுக்கு மின் போகும். கம்பி கரைவது ஏறக்குறைய நின்றுவிடும், பற்றரியும் மிஞ்சும். தாங்கி நிரம்புவதைத் தானாகக் காட்டாது என்பதுதான் குறை. மோட்டரைப் போட்டுவிட்டு மறந்து போகிறவர்கள் உள்ள வீட்டில் அது சரிவராது.

கடைசியாக, மோட்டர் ஓடுகிறதா என்று காட்ட இதே எல்ஈடியையும் 1 கிலோ ஓமையும் 230 வோல்ட்டில் கட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். கால் வாட் ரெசிஸ்டர் அந்த இடத்திலேயே கருகும். கப்பாசிட்டர் வைத்து 230-ஐக் குறைக்கும் சுற்றுகளும் வேண்டாம்; அவற்றில் மெயின் வயர் பிரிக்கப்படாமலே உள்ளே நிற்கும், அதைத் தாங்கிக் கம்பியோடு சேர்த்தால் குளிக்கிற தண்ணீரில் கரண்ட். 230 வோல்ட் என்று அடித்து வரும் இன்டிகேட்டர் லாம்பை வாங்கி, மின்கம்பி வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு சுவிட்ச் பெட்டியில் பொருத்துங்கள். தாங்கிச் சுற்று எப்போதும் பற்றரியில்தான் இருக்க வேண்டும்.